பூனை போயிற்று; உரோமம் போகவில்லை

கலியாண வீட்டுக்குப் புறப்படுகின்றோம். வெள்ளை வேட்டி, சலவை செய்த சட்டை, தோளிற் சால்வை. வாயிற்படியிற் கால்வைக்கும் வேளையில், "கொஞ்சம் நில்லுங்க, பின்பக்கத்தைப் பாருங்க" என்ற குரல் உள்ளிருந்து எழுகின்றது. திரும்பிப் பார்த்தால், தூய வேட்டியிலே கருமை நிறத்துச் சிறு கோடுகள் நூறு! சாய்மனைக் கதிரையிலே பகலெல்லாம் துயின்ற பூனையார், தாம் அங்கிருந்தமைக்குச் சான்றாகக் கையொப்பமிட்டுச் சென்றிருக்கிறார். நாம் அதை அறியாது அமர்ந்தெழுந்திருக்கின்றோம்.

பூனையோ நாயோ வளர்க்கும் இல்லங்களில் இக்காட்சி புதிதன்று. நகைத்து விட்டுவிடக்கூடிய சிறு விடயமே. ஆயினும், இச்சிறு விடயத்தின் பொருட்டு எத்தனையோ வாயில்லாச் சீவன்கள் சாக்கிற் கட்டப்பட்டு வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகின்றன. ஆதலால் இதுபற்றி நாலு வார்த்தை எழுதுவது தகும் என்றே கருதுகின்றோம். அவ்வாறு வெளியேற்றியோர் வரிசையில் நாமும் ஒருவர் என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டே தொடங்குகின்றோம்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன்னர் எம் வீட்டில் வெண்ணிறப் பூனையொன்று இருந்தது. மழையில் நனைந்து வேலியோரம் கிடந்ததை எம் மூத்த மகள் எடுத்துவந்து, வெள்ளைச்சி எனப் பெயரிட்டு வளர்த்தாள். மட்டக்களப்பு வழக்கப்படி வீடு மனைவிக்குச் சீதனமாக வந்தது. மாமியாரும் எம்முடனேயே வாழ்கிறார். அவருக்கு இளமை முதலே தொய்வு உண்டு. ஓராண்டு, கச்சான் காற்று வீசிய காலத்தில், தொய்வு கடுமையாயிற்று. அந்நாட்களில் அவருடைய தலையணையில் நாலைந்து வெண் உரோமங்கள் காணப்பட்டன. விசாரணை வேண்டியிருக்கவில்லை, தீர்ப்பு உடனே எழுதப்பட்டது. "மருமகன், அதைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வாங்க" என்றார்.

தண்ணீரைக் கடந்துவிட்டால் பூனை வழி கண்டு திரும்பாது என்று அயலார் யோசனை சொன்னார்கள். மகள் பாடசாலைக்குச் சென்றிருந்த நேரம் பார்த்து, எழுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குச் சென்றோம். முன்னர் பாதையில் ஏறிக் கடந்த அவ்விடத்தில் 2014 இல் பாலம் திறக்கப்பட்டுவிட்டதனால், போய்வர அதிக நேரம் பிடிக்கவில்லை. கடைகள் சில இருந்த ஓரிடத்திற் சாக்கை அவிழ்த்தோம். பூனை ஓடிவிடும் என எண்ணியிருந்தோம், அது ஓடவில்லை. எம் மோட்டார்ச் சைக்கிளின் அருகிலேயே வந்து அமர்ந்துகொண்டது. நாம்தாம் விரைந்து புறப்பட்டோம்.

அதன்பின் நிகழ்ந்தது யாது? மாமியாரின் தொய்வு அடுத்த கிழமையும் குறையவில்லை. அதற்கடுத்த மாதமும் குறையவில்லை. உரோமமும் நின்றபாடில்லை. கூட்டக் கூட்டக் கதிரை இடுக்கிலிருந்தும், மெத்தையோரத்திலிருந்தும், அலுமாரிக்குப் பின்னிருந்தும் வந்துகொண்டேயிருந்தது. மார்கழி மழைக்குக் குளிரெடுக்கவே, மகள் அலுமாரியிலிருந்து கம்பளி மேற்சட்டையை எடுத்தாள். அதன் கைப்பகுதியில் இரண்டு வெண் உரோமங்கள் ஒட்டியிருந்தன. அவள் அவற்றை எறியவில்லை; மெல்ல எடுத்துக் கொப்பியொன்றின் நடுவில் வைத்து மூடினாள். எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எமக்குச் சற்று ஆறுதலாயிருந்திருக்கும்.

நாம் செய்த பிழை அப்போதுதான் விளங்கிற்று. உரோமத்தை அகற்றும் வழியைக் கற்றுக்கொள்ளாமல், உரோமத்துக்குரியதை அகற்றிவிட்டோம். ஈராண்டு கழித்துக் கரிய குட்டியொன்று தானாகவே எம் கொல்லைப்புறத்தில் வந்து சேர்ந்தது. இம்முறை தீர்ப்புக்கு முன் விசாரணையை நடத்தினோம். அதிற் கற்றவற்றையே இங்கு கூறுகின்றோம்.

உரோமம் ஏன் உதிர்கின்றது?

ஓர் உரோமத்தை இழந்தாலும் உயிர் வாழாத கவரிமாவைத் திருவள்ளுவர் மானம் என்னும் அதிகாரத்திலே கூறுகின்றார். எம் பூனையார் அவ்வினத்தைச் சார்ந்தவரல்லர். நாள்தோறும் கணக்கற்ற உரோமங்களை இழந்தும் இனிதே வாழ்கின்றார். அதே அதிகாரத்தில், தம் நிலையிலிருந்து தாழ்ந்த மாந்தருக்குத் தலையிலிருந்து விழுந்த மயிரை அவர் ஒப்பிடுவதும் இங்கு நினைவுக்கு வருகின்றது. பூனையின் முதுகில் இருக்கும்வரை தடவித் தடவி மகிழ்கின்ற நாம், அதே உரோமம் வேட்டிக்கு வந்துவிட்டால் முகஞ்சுளிக்கின்றோம் அல்லவா?

உரோமம் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் உண்டு. அது சிலகாலம் வளரும். பின்னர் வளர்ச்சி நின்று ஓய்வெடுக்கும். முடிவில் உதிர்ந்து புதியதற்கு இடங்கொடுக்கும். குளிர் நாடுகளிலே கோடையும் மாரியும் மாறும்போது பகற்பொழுதின் நீளம் பெரிதும் மாறுகின்றது. அதற்கேற்ப அந்நாட்டு விலங்குகள் குறித்த பருவங்களில் மிகுதியாக உரோமம் உதிர்க்கின்றன. நம் மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ளது. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணிநேரத்திலும் குறைவு. ஆகவே நம் வீட்டுப் பூனைகளும் நாய்களும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்க்கின்றன. "இந்த மாதம் போனால் நின்றுவிடும்" என்று காத்திருப்பதிற் பயனில்லை.

ஏன் ஒட்டிக்கொள்கின்றது?

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, உரோமத்தின் அமைப்பு. வெறுங்கண்ணுக்கு வழுவழுப்பாகத் தோன்றினும், நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் அதன் மேற்பரப்பிலே, கூரையோடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருத்தல் போலச் செதில்கள் காணப்படும். செதில்கள் யாவும் நுனியை நோக்கியே சாய்ந்திருக்கும். இதனால் உரோமம் அடிப்பக்கமாகத் துணிக்குள் எளிதாக நுழையும். திரும்பி வருவது கடினம். நாம் அமர்ந்து அசையுந்தோறும் அது இன்னும் உள்ளே செல்லும். ஆட்டுரோமத்தை நனைத்து அழுத்தித் தடித்த கம்பளம் செய்வதும் இவ்வியல்பைப் பயன்படுத்தியே.

இரண்டாவது காரணம் மின்சாரம். மாணவர்கள் விஞ்ஞான கூடத்திலே எபனைற்றுக் கோலைப் பூனைத்தோலினால் தேய்த்துச் சிறு கடதாசித் துண்டுகளை ஈர்க்கச் செய்திருப்பார்கள். கோல் எதிர் மின்னையும், உரோமம் நேர் மின்னையும் பெறுகின்றன. இத்தாலிய அறிஞர் வோல்ற்றா 1775 இல் அறிமுகஞ் செய்த மின்னேற்றுத் தட்டிலும், பிசின் வட்டைப் பூனைத்தோலினால் தேய்ப்பதே வழக்கமாயிருந்தது. அக்கூடத்திற் செய்த பரிசோதனையையே நம் பூனை சோபாவின்மீது நாள்தோறும் செய்கின்றது. பொலியெஸ்ரர், நைலோன் ஆகிய செயற்கைத் துணிகளில் உரசும்போது உரோமம் ஒரு மின்னையும் துணி மறு மின்னையும் பெற்று, ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. பருத்தித் துணி ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் அதில் இவ்விளைவு குறைவு.

காற்றில் ஈரம் இருந்தால் இம்மின் விரைவில் வடிந்துவிடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்கு ஈரத்துக்குக் குறைவில்லையே என்று வாசகர்கள் கேட்கலாம். கச்சான் காலத்தை எண்ணிப் பாருங்கள். தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையெல்லாவற்றையும் பெய்துவிட்டு, கிழக்கே இறங்கும்போது வெம்மையும் வறட்சியும் உடையதாகின்றது. அக்காலத்திற்றான் உரோமம் துணியை விடாது பற்றுவதையும், கூட்டுந்தோறும் பறப்பதையும் மிகுதியாகக் காண்கின்றோம். இதற்கு மாற்று எது என்பது இப்போது எளிதில் விளங்கும்: சிறிதளவு ஈரம்.

முதலிற் பூனை, பின்னர் கதிரை

பலரும் கதிரையைத் துடைப்பதிலேயே காலத்தைக் கழிக்கின்றனர். ஊற்றுவாயை அடைக்காமல் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தை இறைப்பது போன்றதே இது. உதிரப்போகும் உரோமத்தைப் பூனையின் உடம்பிலேயே பிடித்துவிட வேண்டும். நாள்தோறும் ஐந்து அல்லது பத்து நிமிடம், முற்றத்தில் வைத்து, நெருக்கமான பல்லுள்ள சீப்பினால் உரோமம் படிந்திருக்கும் திசையிலேயே மெல்லச் சீவுக. முடிவில், நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை தடவிவிடுக. எதிர்த்திசையில் இழுத்தால் நோகும். ஒருமுறை நொந்த பூனை மறுமுறை அகப்படாது. சீவி எடுத்ததைக் காற்றிற் பறக்கவிடாமல் கடதாசியிற் சுருட்டிக் குப்பையில் இடுக.

இதனாற் பூனைக்கும் நன்மையுண்டு. அது தன்னை நக்கிச் சுத்தஞ் செய்யும்போது உரோமத்தை விழுங்குகின்றது. வயிற்றிற் சேர்ந்தது உருண்டையாகிச் சில வேளைகளில் வாந்தியாக வெளிவரும். சீவினால் விழுங்குவது குறையும். நாயாயின் இடைக்கிடை குளிப்பாட்டுதலும் உதவும்.

சீவும்போது தோலையும் பார்த்துக்கொள்க. வட்டமான சொட்டை, செதில், புண் முதலியன காணப்பட்டால் மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். பூனைக்கு வரும் ஒருவகைப் படர்தாமரை மனிதருக்கும் தொற்றக்கூடியது. தெள்ளுத் தொல்லையினாலும் பூனை ஓயாது சொறிந்து உரோமத்தை இழக்கும்.

மற்றொரு யுக்தி: பூனை வழமையாகத் துயிலும் இடத்தை மாற்ற முயலாதீர்கள், அவ்விடத்தில் பழைய பருத்திச் சாரமொன்றை விரித்துவிடுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரம் போன்று நெருக்கமாக நெய்யப்பட்டதாயின் உரோமம் அதைக் கடந்து அடியிலுள்ள மெத்தைக்குச் செல்வது குறையும். வாரமொருமுறை நாலு மூலையையும் சேர்த்தெடுத்து வெளியே உதறினாற் போதுமானது.

கதிரையும் பாயும்

வீட்டுக்குள் வேலையைத் தொடங்குமுன் மின்விசிறியை நிறுத்துக. உலர்ந்த தும்புத்தடியால் ஓங்கிக் கூட்டினால் உரோமம் எழுந்து பறந்து, நாம் துடைத்த கதிரையிலேயே மீண்டும் அமரும். ஆகவே மேலிருந்து கீழாகச் செல்லுதல் முறை: முதலிற் கதிரை, பின்னர் நிலம், நிலத்தையும் ஈரத்துணியால் துடைத்தல் நன்று.

துணி போர்த்த சோபாவுக்கும் மெத்தைக்கும் இறப்பர் கையுறையைப் போன்ற எளிய கருவி வேறில்லை. கையுறையை அணிந்து, நீரிலே தோய்த்து உதறிவிட்டு, எப்போதும் ஒரே திசையில் தடவி இழுக்க வேண்டும். இறப்பர் உரோமத்தைப் பற்றும். ஈரம் மின்னை வடிக்கும். சிதறிக் கிடந்த உரோமங்கள் ஒன்றுசேர்ந்து திரியாகத் திரள்வதைக் கண்ணாற் காணலாம். முன்னும் பின்னும் தேய்த்தால் திரள்வதில்லை. கையுறை இல்லாதவர் பழைய சைக்கிள் ரியூப் துண்டொன்றை உள்ளங்கையிற் சுற்றிக்கொள்ளலாம். எனினும் வெளிர்நிறத் துணியிற் கருமை படியக்கூடும். ஓரத்திற் சிறிது தேய்த்துப் பார்த்தபின் தொடங்குக. தூசி உறிஞ்சும் இயந்திரம் உள்ளோர், கையுறையால் திரட்டியபின் அதைப் பயன்படுத்தினால் வேலை எளிதாகும்.

பிரம்புக் கதிரைக்கு இம்முறை பொருந்தாது. பின்னலின் கண்களுக்குள்ளே உரோமம் சென்று சிக்கும். வர்ணம் பூசும் தூரிகையொன்றை உலர்ந்தபடியே கொண்டு அக்கண்களைத் துலக்கி, பின்னர் நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்தாற் போதும். நீரை வாரி ஊற்றினால் பிரம்பு தொய்ந்துவிடும்.

நம் பகுதிப் பன்பாய்களைக் கொடியிலே தலைகீழாகத் தொங்கவிட்டு, பின்பக்கத்திற் சிறு தடியால் தட்டுக. பின்னலின் போக்கிலேயே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நன்கு காயவிட்டபின் சுருட்டுக. ஈரத்தோடு சுருட்டிய பாயில் நம் மாரிகாலத்தில் இரண்டே நாளிற் பூஞ்சணம் பிடித்துவிடும். உரோமமே மேல் என்று எண்ணத் தோன்றும்.

உடைகள்

உடையைப் பொறுத்தவரை ஒரு விதியை மறவாதிருத்தல் வேண்டும்: துவைப்பதற்கு முன்னர் உரோமத்தை அகற்றுக. உரோமம் நிறைந்த துணியை அப்படியே நனைத்துக் கசக்கினால், முன்னே கூறிய செதில்களின் காரணமாக அது நூலுக்குள் இன்னும் ஆழமாகப் புகும். மற்ற உடைகளுக்கும் பரவும். துணியை வெளியே கொண்டுசென்று உதறி, ஈரக்கையால் ஒரே திசையில் வழித்தெடுத்தபின் சவர்க்கார நீரில் இடுக. அலசும்போது மேலே மிதக்கும் உரோமத்தை அள்ளி எறிக; வடிகாலில் ஊற்றினால் அங்கே அடைத்துக்கொள்ளும். சலவை இயந்திரம் உள்ளோர் அதன் நூற்பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துப்புரவாக்குதல் வேண்டும். பூனை துயிலும் விரிப்பை எவ்வாற்றானும் தனியே துவைக்க வேண்டும்.

புறப்படும் நேரத்தில் உரோமத்தைக் கண்டால், ஒட்டும் நாடாவைப் பசைப்பக்கம் வெளியே இருக்குமாறு நான்கு விரல்களிற் சுற்றி, துணியில் ஒற்றி ஒற்றி எடுக்கலாம். பட்டுச்சேலைக்கு நாடாவும் வேண்டாம், ஈரமும் வேண்டாம். நாடா இழையை எழுப்பும், ஈரம் தழும்பிடும். மிருதுவான உலர் துணியால் மெல்லத் தட்டிவிடுதலே தக்கது.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளைச் சீருடையை முதல்நாள் இரவு கதிரையில் மடித்து வைக்காதீர்கள். பூனைக்கு அதைவிட இனிய படுக்கை வேறில்லை. அலுமாரியிலே தொங்கவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பூனையிடம் விடைபெற்ற பின்னர் சீருடையை அணியுங்கள். அணிந்த பின்னர் விடைபெறாதீர்கள்.

தொய்வு உள்ள வீடு

இனி முக்கியமானதொன்றைச் சொல்ல வேண்டும். பூனையால் ஒவ்வாமை ஏற்படுவோர் உண்டு என்பது மெய்யே. ஆயின் அதற்குக் காரணம் உரோமம் அன்று. பூனையின் உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகும் ஒருவகைப் புரதமே காரணம். பூனை தன்னை நக்கும்போது அது உரோமத்திற் படிந்து, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகிக் காற்றில் நெடுநேரம் மிதக்கும். சுவரிலும் திரைச்சீலையிலும் ஒட்டும். நம் உடையிற் பயணஞ்செய்து, பூனையே இல்லாத வகுப்பறைக்கும் சென்று சேரும். பூனை வீட்டைவிட்டுப் போனபின்னரும் அத்தூள் குறையப் பல மாதங்கள் செல்லும்.

இதை வைத்தியர் ஒருவர் எமக்கு விளக்கியபோதுதான், வெள்ளைச்சியை அனுப்பி நாம் நடத்திய பரிசோதனை எதையும் நிறுவவில்லை என்பது தெரிந்தது. சில கிழமைகளில் தொய்வு குறையாமையினாற் பூனை குற்றமற்றது என்றும் சொல்ல முடியாது. தலையணையில் உரோமம் கிடந்தமையினாற் குற்றமுடையது என்றும் சொல்ல முடியாது. தலையணையிலும் மெத்தையிலும் வாழும் தூசிச் சிற்றுண்ணிகள், புகை, தொற்றுநோய் எனக் காரணம் வேறும் பலவுண்டு. பரிசோதித்தே அறிய வேண்டும். பூனையே காரணமெனத் தெளிவாகி, நோயும் கடுமையாயிருப்பின், அதை வேறிடம் அனுப்புவதே முறை. அப்போதும் அறிந்த ஒருவர் கையில் ஒப்படைத்தல் வேண்டும். தெருவில் விடுதல் ஆகாது.

அவருடைய ஆலோசனைப்படி எம் வீட்டில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. மாமியாரின் அறைக்கதவு பூனைக்கு எப்போதும் மூடியிருக்கும். தலையணை உறைகளும் விரிப்பும் வாரந்தோறும் சுடுநீரில் துவைக்கப்படும். கரிய பூனையின் இடம் வெளிவிறாந்தை. சீவுவது மகளின் கடமை. சோபாவைத் துடைப்பது எமது கடமை. மருந்தை மாமியார் தவறாது எடுக்கிறார். அடுத்த கச்சான் காலத்திலும் தொய்வு வந்தது. ஆனால் முன்போற் கடுமையாக வரவில்லை. இவற்றுள் எது உதவிற்று என்று எம்மால் பிரித்துச் சொல்ல இயலாது. எவரையும் வெளியேற்ற வேண்டியிருக்கவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். அந்திப் பொழுதில், மூடிய கதவுக்கு உள்ளிருந்து, "கறுவலுக்குச் சோறு வைச்சாச்சா?" என்று கேட்பவரும் மாமியாரே.

மொத்தத்தில் நாளொன்றுக்கு ஒரு கால்மணி நேர வேலை. ஒரு சீப்பு, ஓர் இறப்பர் கையுறை, ஒரு பழஞ்சாரம்; இவையே முதல். நம்மை நம்பி வந்த உயிரொன்றைச் சாக்கிற் கட்டுவதற்கு முன்னர், இக்கால்மணி நேரத்தைச் சில மாதங்கள் செலவிட்டுப் பாருங்கள் என்பதே வாசகர்களுக்கு எம் வேண்டுகோள்.

படுவான்கரைக்குப் பின்னர் இருமுறை சென்று தேடினோம்; வெள்ளைச்சி அகப்படவில்லை. அதன் உரோமங்கள் இரண்டும் இன்றும் மகளின் கொப்பிக்குள்ளே இருக்கின்றன. வீட்டில் எங்கே உரோமம் கண்டாலும் துடைத்தெடுக்கும் நாம், அங்கே மட்டும் கைவைப்பதில்லை.